படத்தில் விழுகிறவரின் உரிமை: வீட்டுக் கேமராவின் வசதியும் விலையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய வடிவம்)



சட்டமும் தொழில்நுட்பமும் சந்திக்கும் இடத்தில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் என்னிடம் விட்டுவிட்டார்கள். ஆதார், முகமறியும் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தேன். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடையில் வாங்கி வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். மாட்டிய நாளிலிருந்து நம் கைபேசிக்குள் நம் வீடு வந்துவிடுகிறது. வைஃபை கேமராவைச் சொல்கிறேன்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரு தராசைக் கையில் எடுக்கிறார்கள். ஒரு தட்டில் வசதி, மறு தட்டில் அந்தரங்கம். எனக்கு எது பெரிது என்று நானே எடைபோட்டு முடிவு செய்துகொள்கிறேன், இதில் அடுத்தவருக்கு என்ன வந்தது என்கிறார்கள். அந்தத் தராசிலேயே பிழை இருக்கிறது என்பதுதான் இன்று நான் முன்வைக்கும் கருத்து. கேமராவால் வசதி பெறுபவர் ஒருவர். அதற்காக அந்தரங்கத்தை இழப்பவர் பெரும்பாலும் வேறொருவர். வாங்குபவர் தன் மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு, மற்றவருடைய உடைமையை எடுத்துத் தன் தட்டில் வைக்கும் கணக்கு. படத்தில் விழுகிறவரையும் கேட்ட பிறகு எடுக்கும் முடிவுதான் நியாயமான முடிவு. இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. தொடக்கத்தில் இருந்த கேள்வி: வாசலில் நிற்பது யார்?

வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் வரலாறு ஒரு செவிலியரிடம் தொடங்குகிறது. மேரி வான் பிரிட்டன் பிரவுன் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினப் பெண். அவருக்கும் கணவர் ஆல்பர்ட்டுக்கும் வேலை நேரம் ஒத்துவராது. இரவு நேரங்களில் தனியாக இருக்க வேண்டிவரும். காவல்துறையை அழைத்தால் வந்து சேரத் தாமதமாகும். கதவைத் தட்டுவது யார் என்று கதவைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வழி வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அமைப்பை வடிவமைத்தார்கள். 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது.

அந்த அமைப்பை உற்றுப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். உயரமானவர் வந்தாலும் சிறுவர் வந்தாலும் முகம் தெரியும்படி, கேமரா மேலும் கீழும் நகர்ந்து அந்தத் துளைகள் வழியே பார்க்கும். படம் படுக்கையறையில் உள்ள தொலைக்காட்சித் திரைக்கு வரும். வெளியில் நிற்பவரோடு ஒலிவாங்கி வழியே பேசலாம். வந்தவர் வேண்டியவர் என்றால் இருந்த இடத்திலிருந்தே பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். ஆபத்து என்றால் எச்சரிக்கை ஒலியை எழுப்பலாம்.

லென்ஸ் வெளியே பார்க்கிறது. படம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பார்ப்பவரும் பாதுகாக்கப்படுபவரும் ஒருவரே. அமைப்பு முழுவதும் அங்கே குடியிருப்பவரின் கையில் இருக்கும் என்று காப்புரிமை ஆவணத்தின் சுருக்கமே சொல்கிறது. தன் கதவுக்குப் பின்னால் தான் அஞ்சாமல் இருக்க ஒரு பெண் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இன்று நம் வீடுகளில் இருக்கும் கேமராவில் இரண்டும் தலைகீழாகிவிட்டன. லென்ஸ் உள்ளே திரும்பிவிட்டது. படம் வெளியே போய்விட்டது. பார்ப்பவர் ஓர் ஊரில், பார்க்கப்படுபவர் வேறோர் ஊரில், பதிவு மூன்றாவது ஒரு நாட்டில். நாம் பேசவேண்டிய சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டு மாற்றங்களிலிருந்தே பிறக்கின்றன.

2. வசதி உண்மையானது

கேமராவை வாங்குகிறவர்களைக் குறை சொல்லிப் பேசுவது எளிது. அது நியாயமாகாது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும், பெற்றோர் தஞ்சாவூரிலும் தென்காசியிலும் என்று வாழும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். எழுபத்தைந்து வயது அப்பா காலையில் போனை எடுக்கவில்லை என்றால், கடல் கடந்து இருக்கும் மகளுக்கு அந்த அரை மணி நேரம் எப்படிக் கழியும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கேமராவைத் திறந்து, அப்பா தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் மகளுக்கு அன்றைய வேலை ஓடும். குழந்தையை ஆயாவிடம் விட்டு அலுவலகம் போகும் தாயின் கவலையும், பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவரின் கவலையும் பொய்யான கவலைகள் அல்ல.

அரசும் கேமராவை ஊக்குவித்தே வந்திருக்கிறது. 2017-க்குப் பிறகு சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கடைகளையும் குடியிருப்புகளையும் தெருவைப் பார்த்துக் கேமரா வைக்கும்படி கேட்டுக்கொண்டது. சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் தெருக் கேமராப் பதிவைக்கொண்டு ஆளைப் பிடித்த செய்திகளை நாளிதழ்களில் தொடர்ந்து படித்து வருகிறோம்.

இந்தப் பயனுக்கும் ஓர் அளவு உண்டு. பிஸா, வெல்ஷ், ஃபாரிங்டன், தாமஸ் ஆகிய குற்றவியல் அறிஞர்கள், பொது இடக் கேமராக்கள் பற்றி 40 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருந்தது. பலன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் வாகன நிறுத்துமிடம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. இவை பொது இடங்களைப் பற்றிய முடிவுகள். வீட்டுக்குள் அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் கேமராவின் இயல்பை இவை நமக்குக் காட்டுகின்றன. பொருளைக் காப்பதில் அதற்கு ஓரளவு திறமை உண்டு. ஆளைக் காப்பதற்கு அதையே நம்பியிருக்க முடியாது.

ஆக, பாதுகாப்பு என்று நாம் வாங்கும் பயனில் பெரும்பகுதி வாசற்கதவு, காம்பவுண்ட் கேட், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றிலேயே கிடைத்துவிடுகிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் கேமரா நகர்ந்த பிறகு பாதுகாப்பு கொஞ்சம்தான் கூடுகிறது. இழப்போ பலமடங்கு கூடுகிறது.

3. விலை கொடுப்பவர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே ஒரு வெள்ளைக் கேமரா இருக்கிறது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வகை. மகன் வெளிநாட்டில். அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுப்பார். படுக்குமுன் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் கேமராவிலிருந்தே மகனின் குரல் வரும்: “அம்மா, துண்ட எடும்மா, ஒண்ணுமே தெரியல.” அம்மா எழுந்து எடுத்துவிடுவார். அதன் பிறகு படுக்க மாட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

அந்த மகனிடம் அன்பு குறைவில்லை. அம்மாவும் மகன்மேல் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் நடந்திருப்பது என்ன என்று பாருங்கள். மகனுக்கு நிம்மதி கிடைத்தது. அம்மாவுக்கு மதியத் தூக்கம் போயிற்று. வீடு அம்மாவுடையது. கேமரா வைக்கட்டுமா, எங்கே வைக்கட்டும், எப்போது அணைக்கட்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஒரு துண்டால் பதில் சொன்னார். அந்தப் பதிலும் ஏற்கப்படவில்லை.

அடுத்து, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் ஒரு கேமரா, கூடத்தில் ஒன்று. அவர் கையில் அந்தச் செயலி இல்லை. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் வேலை போய்விடும். வீட்டில் ஒரு நகை காணாமல் போனால் அவருக்கு எதிராக அந்தப் பதிவைத் தேடுவார்கள். தன்மேல் பழியில்லை என்று காட்ட அதே பதிவைக் கொடுங்கள் என்று கேட்க அவருக்கு வழியில்லை. ஒரு தரப்பு மட்டுமே எடுத்துக் காட்டக்கூடிய சாட்சி அது.

மருமகள்களின் நிலையை நான் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது பிழையாகும். கூடத்துக் கேமராவின் செயலி கணவரிடமும் மாமியாரிடமும் இருக்கும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் இருக்காது. எத்தனை மணிக்கு எழுந்தாள், யாரோடு போனில் பேசினாள், தம்பி எத்தனை முறை வந்து போனான் என்பதெல்லாம் மாலையில் கேள்விகளாக வரும். திருடனுக்காக வாங்கிய கருவி, திருடன் வராத மற்ற எல்லா நாளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இதே வரிசையில் வருகிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஆடிப் பார்ப்பதும், அழுது தீர்ப்பதும், நண்பனோடு ரகசியம் பேசுவதும் வளர்வதன் பகுதி. எந்நேரமும் பார்க்கப்படும் பிள்ளை பொறுப்பைக் கற்றுக்கொள்வதைவிடக் கேமரா எட்டாத மூலையைக் கற்றுக்கொள்கிறது.

வீட்டுக்கு வெளியேயும் பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு போர்ஷன் இருக்கும். வீட்டு உரிமையாளரின் கேமரா குடித்தனக்காரரின் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பெண் ஒவ்வொரு நாளும் அடுத்தவர் பதிவில் விழுவார். கேரள உயர் நீதிமன்றத்துக்கு 2023-இல் இப்படி ஒரு பக்கத்து வீட்டுக் கேமரா வழக்கே வந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரின் வாழ்க்கையை வேவு பார்க்க அனுமதிக்க முடியாது என்றும், இதற்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றும் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

4. படம் போகும் வழி

இதுவரை பார்ப்பவர் நமக்குத் தெரிந்தவர். இனி தெரியாதவர்களுக்கு வருகிறேன். நீங்கள் கைபேசியில் உங்கள் கூடத்தைப் பார்க்கும்போது, படம் கேமராவிலிருந்து நேராக உங்களிடம் வருவதாகத் தோன்றும். கிளவுட் வகைக் கேமராவில் அது வீட்டு வைஃபை வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்களிடம் திரும்புகிறது. பதிவும் அங்கேயே தங்குகிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் ஒழுக்கம் உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளாகிவிடுகிறது.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின்மீது 2023 மே மாதம் தொடுத்த நடவடிக்கையைப் படித்துப் பாருங்கள். 2017-இல் ஓர் ஊழியர் குறைந்தது 81 பெண்களின் கேமராப் பதிவுகளை, ஆயிரக்கணக்கில், எடுத்துப் பார்த்தார் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. எப்படித் தேடினார்? ‘மாஸ்டர் பெட்ரூம்’, ‘மாஸ்டர் பாத்ரூம்’ என்று உரிமையாளர்கள் தங்கள் கேமராவுக்கு வைத்திருந்த பெயர்களைக் கொண்டு. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. வாடிக்கையாளர் வசதிக்காக வைத்த பெயரே அவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகியிருக்கிறது.

அதே நிறுவனத்தின் கேமரா ஒன்றில் 2019 டிசம்பரில் நடந்ததும் நினைவில் வைக்கத்தக்கது. மிசிசிப்பி மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுமியின் அறை. சில நாள்களுக்கு முன்புதான் பெற்றோர் அங்கே கேமராவை மாட்டியிருந்தார்கள். யாரோ ஒருவன் உள்ளே புகுந்து, கேமராவின் ஒலிபெருக்கி வழியாகத் தன்னைச் சாண்டா கிளாஸ் என்று சொல்லிக்கொண்டு அந்தக் குழந்தையோடு பேசினான். இந்த வகைத் தாக்குதல்களில் பெரும்பாலும் கேமராவை உடைப்பதில்லை. வேறு எங்கோ கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் இங்கே போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருப்பவர் வீடு திறந்துகொள்கிறது. அதன் பிறகு 2020-இல்தான் அந்த நிறுவனம் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு நுழையாமலும் படம் வெளியேறலாம். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை தடைபட்டு மீண்டபோது, சுமார் 13,000 வாடிக்கையாளர்களுக்கு மற்றவர் வீட்டுக் கேமராவின் படத்துணுக்குகள் போய்ச் சேர்ந்தன. தென்கொரியக் காவல்துறை 2025 நவம்பர் இறுதியில் நான்கு பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. வீடுகள், மகளிர் மருத்துவமனை, உடற்பயிற்சிக்கூடம் என்று சுமார் 1,20,000 கேமராக்களுக்குள் புகுந்தார்கள், அவர்களில் இருவர் ஆபாசப் பதிவுகளை வெளிநாட்டுத் தளத்தில் விற்றார்கள் என்பது புகார். எளிய பாஸ்வேர்டுகளே அவர்களுக்கு வழிவிட்டன.

நம் ஊரில் அந்த எளிய பாஸ்வேர்டு எப்படி உருவாகிறது என்பதையும் சொல்லவேண்டும். கேமரா மாட்ட வரும் தம்பி ஏணி போட்டு ஏறி, டிரில் போட்டு, வயரை இழுத்துக் கட்டிவிட்டு இறங்குவார். செயலியை இறக்கி, க்யூஆர் கோடை லென்ஸுக்கு முன்னால் பிடிப்பார். வீட்டுக்காரர், “நீங்களே எல்லாம் பண்ணிக் குடுத்துடுங்க தம்பி” என்பார். அவசரத்தில் கணக்கு அந்தத் தம்பியின் மின்னஞ்சலிலேயே திறக்கப்படும். வீட்டுக்காரர் பெயர் இரண்டாவது பயனராகச் சேரும். பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘அட்மின்123’. வேலை முடிந்தது, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஒரு குடும்பத்தின் கூடம் அவருடைய நேர்மையை மட்டுமே நம்பி ஆண்டுக்கணக்கில் திறந்திருக்கக் கூடாது.

இந்த அலட்சியம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகள் டைன் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. எங்கோ ஒரு கடை வாசலில் பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட கேமராவும் அந்தத் தாக்குதலில் ஒரு கை.

5. சட்டம் எங்கே நிற்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. கேமரா நிறுவனத்தின் கிளவுடுக்கு இது ஒரு கடிவாளம்.

ஆனால் இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தனிநபர் ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகத் தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது என்கிறது. குடும்ப ஆல்பத்துக்கும் கைபேசி முகவரிப் பட்டியலுக்கும் இந்த விலக்கு தேவைதான். எதிர்வீட்டுக் கதவை ஆண்டு முழுவதும் பதியும் கேமராவுக்கும் இது குடையாகிவிடுமா என்பதே கேள்வி.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இக்கேள்விக்கு 2014 டிசம்பர் 11 அன்று பதில் சொன்னது. செக் குடியரசில் ஒருவரது வீடு பலமுறை தாக்கப்பட்டது, சன்னல்கள் உடைக்கப்பட்டன. அவர் கூரை விளிம்பில் கேமரா மாட்டினார். அது அவர் வாசலையும் பொதுவழியையும் எதிர்வீட்டு வாசலையும் பதிந்தது. பதிவைக்கொண்டு காவல்துறை இருவரை அடையாளம் கண்டது. அதாவது கேமரா தன் வேலையைச் செய்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களில் ஒருவர், என்னைப் பொதுவழியில் படம்பிடித்தது முறையா என்று கேட்டார். பொதுவழி வரை நீளும் கேமரா முற்றிலும் வீட்டு நடவடிக்கை என்ற விலக்குக்குள் வராது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரரின் சொத்தையும் உயிரையும் காக்கும் நியாயமான நலனையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. பாதுகாப்பையும் மறுக்காமல், படத்தில் விழுந்தவரையும் மறக்காமல் சொன்ன தீர்ப்பு என்று இதை நான் மதிக்கிறேன்.

2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றத்தில் அண்டை வீட்டார் இருவருக்கிடையே வந்த வழக்கு இன்னொரு நுணுக்கத்தைக் காட்டியது. அங்கே பெருங்குறையாகத் தெரிந்தது ஒலி. கேமரா காணும் எல்லையைத் தாண்டியும் அதன் ஒலிவாங்கி பேச்சைப் பிடித்தது. திருட்டைத் தடுக்க அவ்வளவு தூரப் பேச்சைக் கேட்க வேண்டிய தேவை இல்லை என்று நீதிபதி தரவுப் பாதுகாப்புச் சட்ட மீறலை உறுதி செய்தார்.

வீட்டுக்கு உள்ளே என்ன? கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல், ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் உறவினர்களுக்கிடையே வந்த வழக்கில், உடன் வாழ்பவரின் ஒப்புதல் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமை மீறல் என்று கூறியது. அதை எதிர்த்த மனுவை அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூன்றாம் பகுதியில் நான் சொன்ன அம்மாக்களுக்கும் மருமகள்களுக்கும் சட்டத்தின் மொழியில் கிடைத்திருக்கும் முக்கியமான ஆதாரம் இது. வழக்குத் தொடுக்க அவர்கள் விரும்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது என்பதை இந்தத் தீர்ப்பு நினைவூட்டுகிறது.

6. என்ன செய்யலாம்?

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயனில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.

முதலாவது, லென்ஸை மீண்டும் வெளியே திருப்புங்கள். உங்கள் கேட்டும் கதவும் வண்டியும் தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டுச் சன்னல் படத்துக்குள் வந்தால் கோணத்தை மாற்றுங்கள். மாற்ற முடியாத இடத்தில், குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள். ஒலிப்பதிவைத் தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, படத்தை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு நாளில் ஏறத்தாழ 11 ஜிபி பிடிக்கும். 128 ஜிபி மெமரி கார்டில் பத்து நாளுக்கு மேல் பதிவு நிற்கும். பிறகு பழையது தானாக அழியும். ஒரு திருட்டு நடந்ததா என்று தெரிந்துகொள்ளப் பத்து நாள் போதும். கார்டையே திருடிப் போய்விடுவார்கள் என்று அஞ்சினால், கார்டுக்குப் பதிலாகத் தனிப் பதிவுப் பெட்டியில் பதிந்து, அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

மூன்றாவது, கணக்கைக் கைப்பற்றுங்கள். முதன்மைக் கணக்கு உங்கள் எண்ணில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாட்டியவர் கணக்கு இருந்தால் நீக்குங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு, அவ்வப்போது மென்பொருள் புதுப்பித்தல் ஆகிய மூன்றும் இருந்தால் நான் சொன்ன தாக்குதல்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடும். இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனை பெற்ற கருவிதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது: கேட்டுவிட்டு வையுங்கள். வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும், வேலைக்கு வருபவரிடமும், குடித்தனக்காரரிடமும் நான்கு விவரங்களைச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது, எதைப் பதிகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள். அணைக்கும் உரிமை அந்த அறையில் வாழ்பவர் கையில் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பது கேட்டதாகாது; ஆகவே வேலைக்கு வருபவர் விஷயத்தில், கேமரா வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னாலும் வேலை நிலைக்கும் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

முதியோருக்குப் படமில்லாத வழிகளையும் எண்ணிப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான், விழுந்தால் செய்தி அனுப்பும் கைக்கடிகாரம், காலையில் சமையலறைக் கதவு திறந்ததை மட்டும் தெரிவிக்கும் சிறு உணரி ஆகியவை பெற்றோர் நலத்தைச் சொல்லும். அவர்கள் தூங்கும் தோற்றத்தை அனுப்பா. தெருவில் இரண்டு வீட்டாரின் எண்களை வாங்கி வைத்துக்கொள்வதும் பெரிய பாதுகாப்பு. விழுந்துவிட்ட அப்பாவைக் கேமரா காட்டும்; தூக்கிவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வர வேண்டும்.

இந்தப் பொறுப்பைத் தனி வீடுகளின்மேல் மட்டும் சுமத்துவதும் சரியாகாது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் கேமரா பற்றி ஒரு தீர்மானம் இயற்றி, பதிவை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கேட்டால் எப்படித் தருவது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வீட்டு நோக்கத்துக்கான சட்ட விலக்கு காம்பவுண்டுச் சுவரோடு முடியும் என்று நம் விதிகளும் தெளிவுபடுத்த வேண்டும். பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நாளை நீங்கள் வடிவமைக்கப்போகும் கருவியில், பெட்டியைத் திறந்தவுடன் ஒலி அணைந்திருக்கட்டும், பதிவு வீட்டுக்குள் இருக்கட்டும், பாஸ்வேர்டை மாற்றாமல் கேமரா இயங்காமல் இருக்கட்டும். பயனர் எதையும் மாற்றாமல் விட்டாலும் பாதுகாப்பாக இருக்கும்படி செய்வது உங்கள் தொழிலின் அறம்.

ஒரு வீட்டின் அந்தரங்கம் குடும்பத் தலைவர் ஒருவருக்குச் சொந்தமானதன்று. அதை அவர் ஒருவர் விற்கவும் முடியாது. அங்கே தூங்குகிறவருக்கும் சமைக்கிறவருக்கும் வளர்கிறவருக்கும் எதிரே குடியிருக்கிறவருக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பங்குதாரர்களைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட அளவோடு நிற்கும் கேமரா எந்த வீட்டிலும் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் மாட்டிய கேமராவை, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு மாட்டியிருந்தாலும், கழற்றிவிட்டுக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.